எருக்கில் அசுவினிப் பூச்சி இருந்தால் நல்லது

டப்பாவில் எருக்கிலை போட்டு நான் வளர்த்த வெந்தய வரியன் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பச்சையாகக் கக்கி, உடல் முறுக்கிச் செத்தன. 6 நாளில் 14 போயின. டப்பாவுக்குள் நீர் கோத்ததாலோ என்று மூடிக்குப் பதில் கொசுவலை கட்டினேன், பயனில்லை. இலையை மூன்று தண்ணீரில் அலசியும் சாவு நிற்கவில்லை. இலைக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து கழுவினால் போகாது.

எருக்கு பறித்தது குறுவை வயல் வரப்பில். இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்திருந்தார்கள். எருக்கிலையில் இயல்பாகவே வெள்ளை மாவு இருப்பதால் மருந்துத் திட்டு கண்ணில் படாது. பார்க்க வேண்டியது செடியின் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியை; அது உயிரோடு இருந்தால் செடியில் மருந்து படவில்லை என்று நம்பலாம். வரப்புச் செடியில் ஒன்றுகூட இல்லை. கொள்ளிடப் படுகைச் செடியிலோ குருத்தடியில் மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக அப்பிக் கிடந்தது. அந்தக் கொப்பையே ஒடித்து, அசுவினியைத் தூரிகையால் தள்ளி, பால் வடிந்ததும் காம்பில் ஈரத்துணி சுற்றி வைத்தேன்.

மீதி 9 புழுவும் கூடாகிவிட்டன. இப்போதுதான் நிம்மதி.