மாமியின் வான் வண்டியில் அறுகம்பே போகாதீர்கள்

பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சேர்ஃபிங்குக்குப் பேர்போன, இலங்கையின் கிழக்குக் கடற்கரை ஊர் அறுகம்பே. பொத்துவில் பக்கத்திலிருந்து அதற்குள் நுழைய ஒரேயொரு பாலம்தான். பொத்துவில் பட்டினத்திலிருந்து தெற்கே சுமார் 3 கிலோமீற்றரில் களப்புக்கு மேலாகக் கிடக்கிறது. 2004 சுனாமி பழைய பாலத்தை முடக்கிய பிறகு 2008இல் திறந்த பாலம் இது. அதைத் தாண்டினால் ஒற்றைத் தெரு. அந்தத் தெரு பாணமைக்குப் போய், முருகன் கோவில் இருக்கிற உகந்தைக் காட்டோடு முடிந்துவிடும். சுற்றிவர வசதியான வழி கிடையாது. சேர்ஃபிங் போட்டி நாட்களில் கொழும்பு வான், பலகை கட்டிய ஆட்டோ, மீன் லொறி, மாலையில் சூரியன் பார்க்க வந்து பாலத்திலேயே நிற்கிற சனம் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் முட்டும். காலை ஆறரைக்கு முதல் பாலத்தைக் கடந்தவருக்கு மட்டும்தான் அன்று போட்டி பார்க்கக் கிடைக்கும்.

இன்னொன்று. இது கிரிக்கெட் இல்லை, பத்து மணிக்குத் தொடங்கும் என்று வரமுடியாது. ஏற்பாட்டாளர்கள் சில நாட்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு விடியலிலும் அலையைப் பார்த்துத்தான் இன்று உண்டா இல்லையா என்று சொல்வார்கள். 2019 செப்டம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டி இங்கே நடந்தபோதும் கடல்தான் நேரம் குறித்தது. ஒரு நாளை மட்டும் ஒதுக்கி வராதீர்கள், மூன்று நாளாவது வேண்டும். ஒரு சுற்று 20 முதல் 30 நிமிடம். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்குப் புள்ளி, கூடின இரண்டு அலைதான் கணக்கு. அலை தெற்கு முனையிலிருந்து வடக்கே, குடாவுக்குள் ஓடும். போட்டி நடக்கிற மெயின் பொயின்ற் கரை கிழக்கைப் பார்த்தது, காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முனைப் பக்கம் போய் வடக்கைப் பார்த்து இருந்தால் வெயில் வலப்பக்கம் ஒதுங்கிவிடும்.

வருகிற வழி சுருக்கமாக: ரயில் மட்டக்களப்போடு சரி. அங்கிருந்து பஸ்ஸில் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று 100 கிலோமீற்றருக்கு மேல். மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. கொழும்பிலிருந்து மொனராகலை வழியாக வருகிறவர்கள் லாகுகலையைப் பொழுதுபட முதல் தாண்டிவிட வேண்டும், யானை தெருவில் நிற்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் பொத்துவில் கடைகள் பூட்டு. காசை அக்கரைப்பற்றிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வான்.

பொத்துவிலுக்கு வடக்கே திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் கவனமாகப் படியுங்கள். போட்டி பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் வாய்தவறிச் சொன்ன அன்றிரவே மாமி கணக்குப் போட்டிருப்பா. "நீங்க தனியப் போய் என்ன செய்யப் போறீங்க மகன், ஒரு வானப் புடிச்சா எல்லாரும் போகலாம்தானே. அப்புடியே உகந்தைக்கும் போய் அந்த நேத்திய முடிச்சிருவம்." அந்த நேர்த்திக்கடன் உங்களுக்கு விசா கிடைக்க வேண்டுமென்று அவ வைத்தது. பதினைந்து வருடமாக நிலுவையில் கிடக்கிறது. இதற்கு மறுப்புச் சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆகவே எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்பது பேர் என்று பேசிய வானில் காலையில் பதின்மூன்று பேர். "வெள்ளாப்புல வெளிக்கிடுவம்" என்று சொன்ன விடியல் ஏழே முக்கால். பொங்கல் பானை, விறகு, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டு, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முன் சீற். திருக்கோவிலிலிருந்து உகந்தைக்கு ஒரு வழிக்கே சுமார் 60 கிலோமீற்றர். நாள் வாடகை வான்கள் பலவற்றில் 100 கிலோமீற்றர் வரைதான் பேச்சு, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக்காசு. சாரதியின் சாப்பாடும் உங்கள் தலையில். இதையெல்லாம் ஏற முதல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சாரதி மச்சானின் கூட்டாளி என்பதற்காக விடாதீர்கள், கூட்டாளியென்றால் கட்டாயம் எழுதுங்கள்.

பாலத்தை ஒன்பதரைக்கு வந்தடைவீர்கள். உள்ளே நிறுத்த இடமிராது. சாரதி, யாரோ காட்டிய மணல் ஒழுங்கைக்குள் வானை விடுவார். பதினாறு அடி வானைத் திருப்ப அங்கே இடமில்லை, பின் சில்லு புதையும். புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்க விடாதீர்கள், மிதிக்க மிதிக்க அச்சுவரை இறங்கும். எல்லோரையும் இறக்கி, சில்லின் முன்னும் பின்னும் மணலைக் கையால் வழித்து, தென்னை மட்டையை நீளவாக்கில் சில்லுக்குக் கீழே செருகி, வந்த தடத்திலேயே மெதுவாக றிவர்ஸ் எடுக்க வேண்டும். அரை மணித்தியாலம் போகும். அதற்குள் காற்று எழும்பி அலை குழம்பும், நல்ல சுற்றுகள் முடிந்திருக்கும். மாமி மர நிழலில் இருந்து, "நல்லாத்தானே இரிக்கி கடல், மறுகா என்ன" என்பா.

செய்ய வேண்டியது இதுதான். போட்டியையும் உகந்தையையும் வேறுவேறு நாளாகப் பிரித்துவிடுங்கள். உகந்தைக்கு முழு நாள் கொடுங்கள், போட்டிக்கு முந்தியோ பிந்தியோ. ஜூலையில் என்றால் கதிர்காமப் பாதயாத்திரையும் உகந்தைத் திருவிழாவும் சேரும், அந்தத் தெருவில் வானைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். பாணமைக்கு அங்கால் யானைக் காடு, நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். போட்டிக்கு முதல் நாள் மாலையே பொத்துவிலில் அறை எடுத்துத் தங்குங்கள். பாலத்துக்கு உள்ளே அறை கிடைத்தால் இன்னும் நல்லது, விலைதான் கூட. மாமி வீட்டில் படுக்காமல் காசு கொடுத்துப் படுப்பது ஊருக்குள் கதையாகும். ஆகட்டும். ஐந்தரைக்கு ஆட்டோ, போக வர விலையை முதல் நாளே பேசி, திரும்பி வரும்வரை பாதிக் காசைக் கையில் வைத்திருங்கள். தெருவில் இறங்கி கடற்கரையால் தெற்கே நடப்பது வாகனத்தைவிட வேகம்.

வாடகை மோட்டச் சைக்கிள் ஆசை இருந்தால், கனடா லைசன்ஸோ லண்டன் லைசன்ஸோ தனியே செல்லாது, இங்கே பெற்ற தற்காலிக அனுமதி வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிப்பார்.

மாமி சோற்றுப் பார்சல் கட்டித் தருவேன் என்பா. அதை மட்டும் மறுக்காதீர்கள். முதல் நாள் மாலையே கட்டுவதால் தேங்காய்ச் சம்பல் விடியுமுன் புளிக்கும், பால் கறியும் அப்படித்தான். பொரித்த கருவாடும் சீனிச் சம்பலும் போதும், வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு பார்சல் போதும் என்றும் சொல்லுங்கள், மூன்று வரும்.