மூடிய அறையில் மூச்சுவாங்க ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மார்ச் பிறந்துவிட்டால் ஜிம்களிலும் ஜூம்பா வகுப்புகளிலும் முதல் வேலை, ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போடுவதுதான். "ஏசி ஓடுதே, காத்து வந்துட்டுத்தானே இருக்கு?" என்பார்கள். வரவில்லை. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்பத் தள்ளுகிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவது அதன் வேலையே இல்லை.

சரி, அப்படியானால் ஆக்சிஜன் தீர்ந்துபோகுமா? அந்தப் பயமும் வேண்டாம். 360 சதுர அடி அறை, 10 அடி உயரம், உள்ளே 10 பேர். ஆளுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வீதம் அரை மணி நேரம் ஆடுகிறார்கள். கதவிடுக்கு வழியாகக்கூடக் காற்று புகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 20.9 சதவீத ஆக்சிஜன் 20.3 ஆகும், அவ்வளவுதான். ஏற்காட்டுக்குப் போனால் இதைவிட அதிகக் குறைவை உடம்பு சத்தமில்லாமல் சமாளிக்கிறது. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு.

அதே அறையில் கரியமில வாயுவோ 0.04 சதவீதத்திலிருந்து 0.6ஐ நெருங்கிவிடும். அறை புழுக்கமாவது ஒருபுறம். மற்றவர்கள் விட்ட மூச்சை நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதற்கும் இதுதான் அளவுகோல். பக்கத்தில் ஆடுபவருக்கு ஃப்ளூ இருந்தால், நோயெதிர்ப்பு வேண்டும் என்று வந்த இடத்தில் கிருமியை வாங்கிக்கொண்டு போவீர்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வெயில் தாங்காது என்றால் ஒவ்வொரு பேட்சுக்கும் நடுவிலாவது திறந்து வையுங்கள்.

அடுத்தது, நோயெதிர்ப்பு கூடும் என்று நம்பி வாங்கி இழுக்கும் ஆக்சிஜன் கேன். நல்ல நுரையீரல் உள்ளவரின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. அதற்குமேல் ஏற்ற இடமில்லை. நோயெதிர்ப்பு அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலும், அவை கூடும் நிணநீர்க் கணுக்களிலும் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. அந்தக் குறைவுக்கேற்ப அணுக்கள் தங்களை மாற்றிக்கொள்ளும் வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. காசைக் கரியாக்க வேண்டாம்.

ஓடும்போது ரத்தத்தில் இந்த நோயெதிர்ப்பு அணுக்கள் பெருகுவது உண்மை. ஆனால் அதைச் செய்வது ஆக்சிஜன் அல்ல, அட்ரினலினும் வேகமெடுக்கும் ரத்த ஓட்டமும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களும், மண்ணீரலில் தங்கியிருப்பவையும் ஓட்டத்தில் இறங்கிவிடுகின்றன. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் லிம்போசைட் (இந்தக் கொல்லி அணுக்களும் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை, தொடங்கியபோது இருந்ததைவிடவும் கீழே போகும். எதிர்ப்புசக்தியே விழுந்துவிடுகிறது என்று பல வருடம் இதை வைத்துப் பயந்தார்கள். அவற்றில் பெரும்பங்கு சாகவில்லை, நுரையீரல், குடல் பக்கம் ரோந்துக்குப் போகின்றன என்பதே இப்போது வலுத்துவரும் கருத்து. அதனால் ஜிம் முடிந்த கையோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்காதீர்கள். வெள்ளையணுக் கணக்கு தாறுமாறாக வந்து வீண் கவலையில் கொண்டுபோய் விடும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் ஓடலாம்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடுவதும் உதவாது. கை ஆடினாலே எண் தப்பும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் விரல் விறைத்திருந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நகப்பூச்சும் குழப்பும்.

உண்மையிலேயே ஆபத்தான தவறு, குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டு அங்கேயே உடற்பயிற்சி செய்வது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். வேகமாக மூச்சு வாங்குபவருக்குள் வேகமாகவே ஏறும். இங்கே ஆக்சிமீட்டரை நம்பவே கூடாது: அதற்கு இரண்டு வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு, 108ஐ அழையுங்கள்.