கடவுச்சொல் சரிதான், ஆனாலும் போஸ்ட்கிரெஸ் உள்ளே விடவில்லையா?

ஜாங்கோவிலோ நோடிலோ சின்னதாக ஒரு வலைச் செயலி எழுதி அதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் இணைக்கும்போது, பலரும் முதலில் முட்டிக்கொள்வது ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட் ஃபார் யூசர்’ என்ற பிழையில்தான். அதைப் பார்த்ததும் கை தானாகக் கடவுச்சொல்லை மாற்றப் போகும். நானும் ஒரு ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தெரிந்தது இதுதான்: நான் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தது டாக்கருக்குள் (கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிகளில் செயலிகளை ஓட்டும் கருவி) ஓடும் போஸ்ட்கிரெஸில். செயலி தட்டிக்கொண்டிருந்ததோ, எப்போதோ மடிக்கணினியில் நேரடியாக நிறுவி மறந்தே போயிருந்த இன்னொரு போஸ்ட்கிரெஸின் கதவை. இரண்டும் 5432 போர்ட்டில்தான் இருந்தன.

அதனால் கடவுச்சொல்லைக் கடைசியில் தொடுவோம். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: பிழை வரியை முழுதாகப் படியுங்கள்

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால் கடவுச்சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் எந்த சர்வரும் ஓடவில்லை. ‘நோ பிஜி_எச்பிஏ.காண்ஃப் என்ட்ரி’ (யார், எங்கிருந்து, எப்படி உள்ளே வரலாம் என்ற விதிகள் உள்ள கோப்பு அது) என்றால் சர்வர் இருக்கிறது, உங்கள் முகவரியிலிருந்து வரும் இணைப்புக்கு அங்கே விதி எழுதப்படவில்லை. ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை. உங்கள் லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்த்தது. உபுண்டுவில் ஹோஸ்ட்டைக் (சர்வரின் முகவரியை) காலியாக விட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஹோஸ்ட்டாக 127.0.0.1 கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவை எதுவும் இல்லை, நிஜமாகவே ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’தான் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: சர்வரின் லாகைத் (நிகழ்வுப் பதிவை) திறங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பயனர் பெயரே இல்லை என்றாலும், கடவுச்சொல் தப்பு என்றாலும், செயலிக்கு போஸ்ட்கிரெஸ் அனுப்புவது ஒரே செய்திதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று வெளியாள் துழாவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதே! உண்மைக் காரணம் சர்வரின் லாகில், ‘டீட்டெய்ல்’ என்று தொடங்கும் வரியில் பெரும்பாலும் இருக்கும். டாக்கர் என்றால் ‘டாக்கர் லாக்ஸ்’ என்று அடித்து கண்டெய்னரின் பெயரைக் கொடுங்கள். உபுண்டுவில் நேரடியாக நிறுவியிருந்தால் ‘/வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ அடைவில் தேடுங்கள்.

‘ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று இருந்தால் அந்தப் பெயரில் பயனரே கிடையாது. இதில் ஒரு குறும்பு உண்டு. பெரிய எழுத்து கலந்த பெயரை இரட்டை மேற்கோள் இல்லாமல் உருவாக்கினால், போஸ்ட்கிரெஸ் அதைச் சின்ன எழுத்தாக்கிச் சேமித்துவிடும். செயலியோ பெரிய எழுத்தோடு கேட்கும். ‘நோ பாஸ்வேர்ட் அசைன்ட்’ என்றால் பயனரை உருவாக்கினீர்கள், கடவுச்சொல் வைக்க மறந்துவிட்டீர்கள். ‘பாஸ்வேர்ட் டஸ் நாட் மேட்ச்’ என்றால் வந்த கடவுச்சொல் நிஜமாகவே பொருந்தவில்லை. புதிய பதிப்புகளில் காரணம் எதுவும் இல்லாமல், பொருந்திய விதியின் வரி மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

செயலி தோற்ற அந்த நிமிடத்தில் லாகில் ஒரு வரிகூட விழவில்லையா? அப்படியானால் நீங்கள் பார்ப்பது வேறு சர்வரின் லாக். என் கதைதான் உங்கள் கதையும். டாக்கரின் வெளிப் போர்ட்டை 5433 என்று மாற்றி, செயலியிலும் அதையே கொடுத்துப் பாருங்கள்.

படி 3: எந்த விதி பிடித்தது?

அதே டீட்டெய்லில், பிஜி_எச்பிஏ.காண்ஃப் கோப்பின் எத்தனையாவது வரி பொருந்தியது என்றும் இருக்கும். கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால் பிஎஸ்க்யூஎல்லுக்குள் (போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவி) ‘ஷோ எச்பிஏ_ஃபைல்;’ என்று கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு முடிவு. அது தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. கோப்பின் அடியில் புது வரி சேர்த்துவிட்டு ‘மாறவே இல்லையே’ என்று தவிப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். திருத்திய பிறகு ‘செலக்ட் பிஜி_ரீலோட்_காண்ஃப்();’ ஓட்ட வேண்டும்.

பழைய சர்வரிலிருந்து தரவை மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல். கடவுச்சொல்லைச் சேமித்துச் சரிபார்க்கும் ஸ்க்ராம்-ஷா-256 முறை போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பில் வந்தது. 14இலிருந்து இயல்பாகவே அதுதான். விதியில் ஸ்க்ராம் என்று இருந்து, கடவுச்சொல் பழைய எம்டி5 வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால், சரியான கடவுச்சொல்லும் தோற்கும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற வழியில்லை. அதே கடவுச்சொல்லை மறுபடி ஒருமுறை வைத்தால் புது வடிவில் பதிவாகும்.

விதியில் ‘டிரஸ்ட்’ (கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடு) என்று போட்டால் எல்லாம் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும். எதிர் வீட்டுக்காரரும் உள்ளே வருவார்.

படி 4: செயலி உண்மையில் எதை அனுப்புகிறது?

கோப்பில் நீங்கள் எழுதியதும் செயலி அனுப்புவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இணைப்பு முகவரியை யூஆர்எல்லாக எழுதினால், கடவுச்சொல்லில் உள்ள @ குறியை %40 என்றும், # குறியை %23 என்றும், % குறியை %25 என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் @ குறிக்குப் பின்னால் வருவதை ஹோஸ்ட் பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். டாக்கர் கம்போஸ் கோப்பில் (எந்தக் கண்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று எழுதும் கோப்பு) $ வந்தால் $$ என்று இரட்டிக்க வேண்டும். விண்டோஸில் எழுதிய என்வ் கோப்பில் (கடவுச்சொல் போன்ற மாறிகளை வைக்கும் கோப்பு) வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

எளிய சோதனை: கடவுச்சொல்லை அச்சிடாதீர்கள், அதன் நீளத்தை மட்டும் செயலியில் அச்சிடுங்கள். 12 வர வேண்டிய இடத்தில் 13 வந்தால் திருடன் அகப்பட்டான். 0 வந்தால் என்வ் கோப்பு படிக்கப்படவே இல்லை.

‘பிஎஸ்க்யூஎல்லில் உள்ளே போகிறதே’ என்பதை நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜில் (கண்டெய்னரை உருவாக்கப் பயன்படும் அச்சு), கண்டெய்னருக்குள்ளிருந்தே இணைந்தால் டிரஸ்ட் விதிதான். கடவுச்சொல் தப்பாக இருந்தாலும் விட்டுவிடும். செயலி ஓடும் கண்டெய்னரிலிருந்து சோதித்தால்தான் உண்மை தெரியும்.

படி 5: சரி, இப்போது கடவுச்சொல்லைத் தொடலாம்

டாக்கரில் புதிதாக வருபவர்கள் விழும் பள்ளம் இது. ‘போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட்’ என்ற மாறியை, தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் அந்த இமேஜ் பயன்படுத்தும். வால்யூமில் (டாக்கர் தரவைச் சேமித்து வைக்கும் இடம்) ஏற்கெனவே தரவு இருந்தால், கம்போஸ் கோப்பில் எத்தனை முறை மாற்றினாலும் பழைய கடவுச்சொல்லே நீடிக்கும். வால்யூமை அழித்துவிட்டுத் தொடங்கலாம்தான், ஆனால் தரவும் சேர்ந்து போய்விடும். நான் அதைச் செய்ய மாட்டேன். கண்டெய்னருக்குள் போய் பிஎஸ்க்யூஎல் திறந்து, ‘\பாஸ்வேர்ட்’ என்று அடித்து, பக்கத்தில் பயனர் பெயரைக் கொடுங்கள். ‘ஆல்டர் யூசர்’ கட்டளையை விட இது நல்லது, ஏனென்றால் கடவுச்சொல் அப்படியே கட்டளை வரலாற்றில் பதிவாகாது.

அப்புறம் என்வ் கோப்பிலும் அதையே எழுதி, ‘டாக்கர் கம்போஸ் அப்’ மறுபடி கொடுங்கள். வெறும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் செயலி பழைய மதிப்போடுதான் எழுந்து வரும்.