தேவை முகாமைத்துவ மென்பொருளைத் தெரிவு செய்தல்

வன்னியில் சிறிய பொறியியல் குழுவொன்று, குளத்து நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கை அனுப்பும் கருவியை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ‘நீர்மட்டம் 30 அடியைத் தாண்டினால் 60 விநாடிக்குள் குறுஞ்செய்தி செல்ல வேண்டும்’ என்பது அதன் தேவைகளுள் ஒன்று; இத்தகைய தேவைகளைப் பதிந்து, அவற்றின் மாற்றங்களைத் தொடர்வதே தேவை முகாமைத்துவ மென்பொருளின் வேலை. அந்த 30 அடி நாளை 28 ஆக மாறினால், எந்த வடிவமைப்பு, எந்த நிரல், எந்தச் சோதனை பாதிக்கப்படும் என்பதை உடனே காட்டாத மென்பொருளை, அதன் முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் மாறாத அடையாள எண், யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற வரலாறு, ஒப்புதல் பெற்ற நிலையை அப்படியே பூட்டிவைக்கும் வசதி ஆகியவையும் இருக்க வேண்டும். தேவைகள் சிலவே என்றால் எக்செல் தாளே போதும். விற்பனையாளர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

விலையைக் கேட்குமுன், வெளியேறும் வழியைக் கேளுங்கள். 2011 இல் வெளியான ரெக்-ஐஎஃப் (ReqIF) என்ற, தேவைகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் பொதுவான பரிமாற்ற வடிவத்தை ஐபிஎம் டோர்ஸ், போலாரியன் போன்ற தேவை முகாமைத்துவ மென்பொருள்கள் ஏற்கின்றன. அது இல்லையேல், பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாறும்போது தேவைகளுக்கும் வடிவமைப்பு, நிரல், சோதனைகளுக்கும் இடையிலான இணைப்புகளையெல்லாம் கையால் மீண்டும் கட்ட நேரிடும்.

பரீட்சார்த்தக் காலத்தில் விற்பனையாளரின் மாதிரித் தரவை விட்டு, உங்களுடைய இருபது தேவைகளை உள்ளிடுங்கள். ‘துருசு’, ‘வான்கதவு’ போன்ற குளத்துச் சொற்களைத் தமிழில் எழுதித் தேடிப் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் காலும் இடம்மாறுகின்றனவா என்றும் கவனியுங்கள். மாரிகாலத்தில் இணையம் அறுந்தால் பாதி எழுதிய தேவை தங்குமா என்பதை, இணைப்பைத் துண்டித்தே சோதியுங்கள்.