அப்பா அம்மாவுக்கு அப்பார்ட்மென்ட்: போக்கியமா, வாடகையா?

கோவை சிங்காநல்லூர் பக்கம் அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் வீடு பிடித்து ஏழு மாதமாகிறது. அப்பா மில்லில் இருந்து ரிடையர் ஆனவர். பி.எஃப். பென்ஷன் சொற்பம், மீதி சேமிப்பு வட்டிதான். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். புரோக்கர், கமிஷன் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடலாம்.

1. வரவை எழுதுங்கள். போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில் 15 லட்சம். 8.2 சதவீதம் என்றால் மாதக் கணக்கில் 10,250 ரூபாய். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ஆகத்தான் வரும். முதல் தடவை வந்ததும் அப்பா பழைய மொபட்டை இன்ஜின் வேலைக்கு விட்டுவிட்டார், அடுத்த மாத வாடகை என் தலையில். இப்போது வட்டி வந்த அன்றே மூன்று மாத வாடகை தனிக் கணக்குக்குப் போய்விடும்.

2. போக்கியக் கணக்கு. போக்கியம் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அந்தத் தொகை திரும்ப வரும். முதலில் பார்த்த வீட்டுக்கு 8 லட்சம் போக்கியம், இல்லையென்றால் 9,500 வாடகை. "வாடகையே இல்லைன்னா நிம்மதி கண்ணு" என்றார் அப்பா. சும்மா இல்லை அது: 8 லட்சத்துக்கு வரும் வட்டி, மாதம் சுமார் 5,467, நின்றுவிடும். அப்படியும் நாலாயிரம் மிச்சம்தான். ஆனால் இந்தத் திட்டத்தில் பாதிப் பணம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். இரண்டு வருடம் தாண்டியிருந்தாலும் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், 15 லட்சத்துக்கு 15,000. இனிப் போடுகிறவர்கள் இரண்டு மூன்று கணக்காகப் பிரித்துப் போடுங்கள்.

3. ஈ.சி. (வீட்டின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று) பாருங்கள், டோக்கன் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால். நான் சறுக்கியது இங்கேதான். அந்த முதல் வீட்டுக்கு 25,000 கொடுத்துவிட்டுத்தான் பார்த்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசில்லை. சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடினேன், பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஓனரிடம் பத்திர நகல் வாங்கி, உட்பிரிவு எண்ணோடு போட்டதும் பக்கம் பக்கமாகக் கொட்டியது. அந்த இடத்தில் இருக்கும் எல்லா வீடுகளின் பதிவும் ஒன்றாக வரும், நம் வீட்டு எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். அதில் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று ஒரு வரி, எதிரே ஒரு வங்கியின் பெயர். பத்திரத்தை அங்கே அடமானமாக வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, கடன் அடைந்ததைக் காட்டும் "இரசீது" பதிவு இல்லை. கடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓனர் கடனைக் கட்டாமல் விட்டால் வீட்டின் மேல் வங்கிக்குத்தான் முதல் உரிமை, போக்கியப் பணத்துக்கு நாம் அலைய வேண்டும். டோக்கன் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. என் கட்சி வாடகைதான்.

4. தண்ணீரும் மீட்டரும். "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லீங்க" என்பார்கள். அம்மா எதுவும் பேசாமல் பாத்ரூம் குழாயை நகத்தால் சுரண்டினார், வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. மோட்டார் கரண்ட், லாரித் தண்ணீர் எல்லாம் மெயின்டனன்ஸில் வருமா என்று கேட்டுவிடுங்கள். தனி ஈ.பி. சர்வீஸ் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து ஓனரே வசூலிக்கும் வீட்டில் அது நம் கைக்கு வருவது சந்தேகம். டவுன் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கட்டும், சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்மா உழவர் சந்தைக்கு அப்படித்தான் போகிறார்.

5. அக்ரிமென்ட். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். எங்களிடம் பத்து மாதம் கேட்டார்கள், சட்டத்தைச் சொன்னதும் ஐந்துக்கு இறங்கினார்கள்.

பின்சேர்க்கை: லிப்ட் வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். லிப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத அப்பார்ட்மென்ட்டுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை 2023-இல் குறைத்தார்கள், மெயின்டனன்ஸும் குறையும். முழங்கால் வலி இருந்தால் அங்கேயே கிரவுண்ட் ஃப்ளோர் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது முதல் மாடி, பதினெட்டுப் படி. அப்பா பாதியில் நின்று போன் பார்ப்பது போல மூச்சு வாங்கிக்கொள்கிறார்.