பிஸ்கட் பேணியும் பெடியனின் குறட்டையும்: நாம் விடும் பிழைகள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் அம்மம்மாவின் 31ஆம் நாள் கிரியை முடிந்த கையோடு சாமான்களைப் பிரித்தார்கள். சேலைகள் யாருக்கு, கட்டில் யாருக்கு என்றெல்லாம் பேசி முடித்தார்கள். பிரிட்ஜுக்கு மேலே இருந்த பிஸ்கட் பேணியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, மூட்டு நோவுக்கு எழுதிய டிரமடோல், கடைசி மாதங்களில் புற்றுநோய்க்குக் கொடுத்த மோர்பின் எல்லாம் அதற்குள்ளேதான், ஆஸ்பத்திரியின் சின்னப் பேப்பர் உறைகளில். மூன்று மாதம் கழித்து மகள் திறந்து பார்த்தபோது இரண்டு உறைகள் வெறுமை. நான் பாமசியில் நிற்பவன் என்பதால் என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, எலி இழுத்திருக்குமோ?"

வீட்டில் 19 வயதுப் பெடியன் இருக்கிறான். எலி என்று அவரும் நம்பவில்லை.

குடு என்கிற ஹெரோயின் தூளுக்குப் பயப்படுகிற நாம், குளிசைக்குப் பயப்படுவதில்லை. முதல் பிழை இதுதான். ஹெரோயின், மோர்பின், கோடீன், டிரமடோல், பெந்தனில் எல்லாம் அபினியோடு உறவுள்ள ஒரே குடும்பம். நோவை அடக்குகிற அதே வேலையில், மூச்சு விடச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையையும் தளர்த்துகின்றன. இவற்றால் இறப்பவர் பெரும்பாலும் மூச்சு நின்றே இறக்கிறார். சாராயமோ நித்திரைக் குளிசையோ நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரீகபலினோ கூடச் சேர்ந்தால், தனியே தாங்கக்கூடிய அளவே உயிரை எடுத்துவிடும்.

ஆள் போன பின், அல்லது வருத்தம் மாறிய பின், மிஞ்சிய குளிசையை "யாருக்காவது உதவும்" என்று வைத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சியின் முதுகு நோவுக்கு உங்கள் உறையிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுமாரியில் பூட்டி, எத்தனை இருக்கிறது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். சொந்தப் பிள்ளையைச் சந்தேகப்படுவதா என்று கேட்பார்கள். நகையைப் பூட்டி வைக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சரி, எறிவது எப்படி? அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, பாமசிகளே மிச்ச மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. ஆண்டுக்கு இருமுறை இதற்கென்றே ஒரு நாள் வைத்து ஊர் ஊராகச் சேர்க்கிறார்கள். கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டம் 2012இல் இன்னும் ஒரு படி மேலே போய், சேர்த்து அழிக்கும் செலவை மருந்துக் கம்பனிகளே ஏற்க வேண்டும் என்றது. கம்பனிகள் வழக்குப் போட்டுத் தோற்றன. நமது ஊரில் அப்படியொரு பெட்டியை நான் எந்தப் பாமசியிலும் கண்டதில்லை, என் பாமசியிலும் இல்லை.

திருப்பிக் கொடுக்க வழியில்லாவிட்டால், இந்த வகைக் குளிசைகளை மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஆலோசனையும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே செய்ய வேண்டாம். அங்கே நிலத்தடிக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கின்றன. நிலாவெளி, சாம்பல்தீவு மணலிலோ மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். கடலில் எறிவதும், குப்பையோடு போட்டுக் கொளுத்துவதும் அதே மாதிரித்தான்.

முதலில், மருந்து தந்த கிளினிக்கிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். மோர்பின் என்றால் கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஊறிய தேயிலைச் சக்கையோடோ மண்ணோடோ குழைத்து, இறுகக் கட்டிய பையில் போடுங்கள். உறையிலுள்ள பெயரைக் கிறுக்கி அழியுங்கள். பையை வீதியோரம் வைக்காமல் குப்பை வண்டியிலேயே கொடுங்கள். நமது நகரத்தில் மான்கள் திரிவது சுற்றுலாப் பயணிக்கு அழகு, ஆனால் அவை பையைக் கிழித்துத் தின்பதை நாமல்லவா பார்க்கிறோம். பெந்தனில் ஒட்டுப் பிளாஸ்டர் பாவித்த வீடுகளுக்கு இன்னுமொன்று: மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பிறகும் அதில் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் புற்றுநோயாளிக்கு மோர்பினை நிறுத்திவிட்டால் அது இன்னொரு பெரும் பிழை. "மோர்பின் தொடங்கினால் ஆள் முடிந்தது" என்று சொல்லி, அம்மாவை இரவெல்லாம் முனக விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். நான் பூட்டச் சொன்னது பேணியைத்தான்.

இனி, உயிர் போகும் இடத்துக்கு வருவோம். பெடியன் அறைக்குள் படுத்திருக்கிறான். வழமைக்கு மாறான, களகளவென்ற குறட்டை. "போதை தெளியட்டும், படுக்கட்டும்" என்று கதவைச் சாத்துகிறார்கள். விடிய எழும்புவதில்லை. அந்தக் குறட்டை நித்திரையின் சத்தமல்ல, மூச்சு அடைபடும் சத்தம். தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பின் மேல் மடித்த விரல் மொழிகளால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, கண்ணின் கருமணி ஊசிமுனையளவு சுருங்கியிருக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்கிறது என்றால் ஒரு நிமிடமும் பிந்தாமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தேசிக்காய்த் தண்ணியும் புளிக்கரைசலும் பருக்காதீர்கள், நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தண்ணி ஊற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கம் சரித்துக் கிடத்துங்கள். நின்றுவிட்டால் அல்லது எப்போதாவது ஒன்றாக வந்தால், தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து ஆறு விநாடிக்கு ஒருதடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித் துடிப்பே இல்லையென்றால் நெஞ்சையும் அழுத்த வேண்டும். தொலைபேசியை வைக்காமல் அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

அம்புலன்ஸ்காரரிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள், பொலிஸ் வருமென்ற பயத்தில். எதை எடுத்தான் என்று தெரிந்தால் நலொக்சோன் போடுவதைப் பிந்தாமல் தீர்மானிக்கலாம். அபினி வகையைச் சில நிமிடங்களில் எதிர்த்துத் தள்ளும் மருந்து அது. ஐஸ் (மெத்தாம்பெட்டமின்) மட்டும் எடுத்தவனுக்கு அது வேலை செய்யாது. எழுந்து உட்கார்ந்ததும் "சுகம் வந்திட்டுது" என்று கூட்டிக்கொண்டு போய்விடவும் கூடாது. நலொக்சோன் ஒரு மணித்தியாலம், ஒன்றரையில் தேய்ந்துவிடும். உள்ளே போன போதை அதற்குப் பிறகும் நிற்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே, அருகில் இருக்கக்கூடிய சாதாரண ஆட்களின் கையிலும் நலொக்சோன் இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கா 2023இல் மூக்கில் அடிக்கும் நலொக்சோனை வைத்தியர் துண்டில்லாமல் வாங்க அனுமதித்தது. அங்கே பல மாநிலங்களில், உயிரைக் காப்பாற்ற அழைத்தவரைத் தூள் வைத்திருந்ததற்காகத் தண்டிக்காத சட்டமும் உண்டு. நமக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு வரிதான் என்பேன்.

நமது சட்டம் தண்டனைப் பக்கத்தில் மெலிந்ததில்லை. 1984இன் திருத்தத்திலிருந்து இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள். சிகிச்சைப் பக்கத்துக்கு 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: தானாக வருபவருக்கும் நீதிமன்றம் அனுப்புபவருக்கும். கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். "அங்கே போட்டு எடுத்தால் திருந்திவிடுவான்" என்கிறார்கள்.

என் கணக்கில் இதுதான் ஆகப் பெரிய பிழை. சில மாதம் தூளைத் தொடாத உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தால் அந்த உடம்பு தாங்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு கிழமைக்குள் போதை மிஞ்சிச் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. நாமோ அந்த இரண்டு கிழமையில்தான் நேர்த்திக்கடன் முடித்து, பிரியாணி போட்டு, எல்லாம் சரி என்று கையைத் துடைத்துக்கொள்கிறோம்.

சீனி வருத்தத்தை ஒரு மாதம் வார்டில் போட்டு மாற்ற முடியுமா? இதுவும் அந்த மாதிரி. தூளின் ஏக்கத்தை அடக்கி வைக்க வைத்தியர் கொடுக்கும் அபினி வகை மருந்துகளான மெதடோன், பியூபிரெனோர்பின் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பிரான்ஸ் 1995இல் சாதாரண குடும்ப வைத்தியர்களே பியூபிரெனோர்பின் எழுதலாம் என்று திறந்துவிட்டது. நான்கு வருடத்துக்குள் அங்கே போதை மிஞ்சிய சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ தொலைதூர நிலையமொன்றுக்குப் பிள்ளையை அனுப்புவதென்றால், அங்கே தமிழில் பேசுவார்களா என்று முதலே கேளுங்கள். தன் வெட்கத்தை வேறு மொழியில் சொல்ல எவனாலும் முடியாது. திரும்பி வந்தால் யாரிடம், எந்த நாள் காட்டுவது என்பதை அவன் அங்கிருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

உப்புவெளிப் பெடியன் இப்போது மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறான். இரண்டு தடவை தவறவிட்டான். தாய் அதை என்னிடம் சொல்லும்போது, கடையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும், இன்னும் குரலைத் தாழ்த்துகிறார்.