நாக்கு ஒட்டு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது எப்படி?

என் இரண்டாவது மகள் பிறந்தபோது 2.9 கிலோ. பன்னிரண்டாம் நாள் எடை பார்த்தால் 2.7. முக்கால் மணி நேரம் மார்பிலேயே கிடப்பாள், எடுத்தால் அழுவாள். வீட்டில் எல்லோரும் "பால் பத்தலை" என்றார்கள். பால் இருந்தது. அதை இழுத்துக் குடிக்கத்தான் அவள் நாக்கால் முடியவில்லை.

நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்தால் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீளாது. இதுதான் நாக்கு ஒட்டு. குழந்தை ஈறாலேயே காம்பைக் கடித்துப் பிடிக்கும். குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். வாயை எடுத்ததும் காம்பு புது லிப்ஸ்டிக் போல ஒரு பக்கம் சரிந்து, வெளுத்திருக்கும். இவை இருந்தால் மருத்துவரை நாக்கின் அடியில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல் உதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு வேறு, அது எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. தாய்ப்பாலுக்காக அதை வெட்டத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2024 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

சரி, முதல் வேலை உட்காரும் விதம். முதுகைச் சாய்த்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும்.

அடுத்தது வாய் வைப்பது. நான் பத்து நாள் தவறு செய்த இடம் இது. காம்பை நேராக வாய்க்குள் திணித்துவிட்டு, குழந்தையின் தலையைப் பின்னாலிருந்து அழுத்துவேன். அழுத்தினால் தலை பின்னால் திமிறும், பிடி நழுவி நுனிக்கு வந்துவிடும். அதனால் தலையை விட்டுவிட்டு, தோளையும் கழுத்தடியையும் தாங்குங்கள். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேல் உதட்டில் காம்பால் தடவிவிட்டுக் காத்திருங்கள். கொஞ்சமாக வாய் திறந்தால் கொடுக்காதீர்கள். கொட்டாவி விடுவது போல் அகலத் திறக்கும் நொடியில், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். முகவாய் முதலில் பதிய வேண்டும். கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக உள்ளே போக வேண்டும், மேலே கொஞ்சம் தெரியலாம். பெரிய பன்னைக் கடிக்கும் முன் அமுக்குவோமே, அதுபோல மார்பைக் குழந்தையின் உதடுகளின் போக்கிலேயே லேசாக அமுக்கிப் பிடித்தால் உள்ளே போவது எளிது. வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்து, திரும்ப முதலிலிருந்து. எனக்கு ஒரு தடவைக்கு நான்கைந்து முயற்சி ஆனது. வாய் சரியாகப் பதிந்த அன்று, இத்தனை நாள் பசியோடு இருந்திருக்கிறாளே என்று அழுதுவிட்டேன்.

விழுங்குவது நின்றதும் மார்பை மெல்ல அழுத்துங்கள், பால் மறுபடி இறங்கும்.

அப்புறம், மிச்சப் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். மார்பு காலியாகாவிட்டால் சுரப்பு குறையும். கையால் பீய்ச்சிப் பழகிய பிறகு எனக்குப் பம்ப் தேவைப்படவில்லை. பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் கொடுக்காமல் எவர்சில்வர் பாலாடையில் கொடுப்பதே என் விருப்பம். குழந்தையைச் சற்று நிமிர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டில் வையுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், அதுவே உறிஞ்சட்டும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவு செய்தும் என் மகளுக்கு எடை ஏறவில்லை. மருத்துவரிடம் நாக்குச் சவ்வை வெட்டினோம். சில நொடி, இரண்டு சொட்டு ரத்தம், உடனே பால் கொடுத்தேன். எல்லோருக்கும் இது தேவைப்படாது. பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய 2017 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, வெட்டினால் தாயின் வலி குறைகிறது. ஆனால் குழந்தை பால் குடிப்பது எப்போதும் மேம்படுவதாக அதில் தெரியவில்லை. வெட்டும் முன், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: வெட்டிய பிறகும் அதே 'டக் டக்' சத்தம் வருகிறது என்று இரண்டு தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். நாக்கு புதிதாக அசையப் பழக வேண்டும். என் மகளுக்கு ஒன்பது நாள் ஆனது. அதுவரை பாலாடையை நிறுத்தவில்லை, வாய் வைக்கும் முறையையும் விடவில்லை.